என் கணவருக்கு நான் வாசித்த துக்கப் பூசை

படகு நகர்கிறது. என் ஒரு கால் பலகையில். இன்னொரு கால் சேற்றில். இடுப்பில் மகள். பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். விழுந்தால் மிதித்துவிடுவார்கள்.

"அக்கா, பிள்ளையத் தூக்கிக் குடுங்க! பிள்ளைய மொதல்ல குடுங்க!"

படகிலிருந்து கத்தியவள் சரோஜா. மதுரைக்காரி. என் கணவரைப் போல அவள் கணவரும் பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவர். பிள்ளையைப் பறித்துக்கொண்டாள். நான் கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். யாரோ என் தலைமுடியைப் பற்றி மேலே இழுத்தார்கள்.

1962 நவம்பர் 20. அசாமில் தேஜ்பூர். பிரம்மபுத்திராவின் வடகரை. சீனப் படை மலையை விட்டு இறங்கிவிட்டது என்று காலையில் ஒரே கூச்சல். மதியத்துக்குள் தெருவே காலி. கட்டி வைத்த மாடுகள் மட்டும் கத்துகின்றன. எங்கோ வெடிச் சத்தம். மூன்று முறை. சீனக் குண்டா, நம் ஆட்களே எதையாவது தகர்த்தார்களா, தெரியவில்லை. கேட்க ஆளில்லை.

என் பெயர் மரியபுஷ்பம். ஊர் பாம்பன். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தபோது ஆர்மோனியம் கற்றேன். பதினாறு வயதிலிருந்து எங்கள் மாதா கோயிலில் பூசைக்கு வாசித்தேன். காலால் மிதித்து வாசிக்கிற பெரிய பெட்டி. உப்புக் காற்றில் இரண்டு கட்டைகள் எப்போதும் எழும்பாது. அருளானந்து அதே ஊர்க்காரர். கடலுக்குப் போகப் பிடிக்காமல் பட்டாளத்தில் சேர்ந்தவர். 1957இல் எங்களுக்குத் திருமணம். அவர் போன ஊர்களுக்கெல்லாம் போனேன். எங்கே கோயில் இருந்ததோ அங்கே வாசித்தேன். தேஜ்பூரிலும் வாசித்தேன்.

அக்டோபர் கடைசியில் அவருடைய லாரி மலைக்குப் புறப்பட்டது. மகள் ஜெபமாலை தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்றார்.

"வாரேன் புஷ்பம். குளிர்ல பிள்ளைய வெளிய விடாத."

அவ்வளவுதான். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எண்ணினேன். பத்தொன்பது.

ஆற்றைக் கடந்தோம். தென்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். ஓர் அறைக்கு நாற்பது பேர். மறுநாள் ஒருவர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். சண்டை நின்றுவிட்டதாம். சீனா நிறுத்திவிட்டதாம். எல்லோரும் அழுதார்கள். சிலர் சிரித்தார்கள். அன்று மாலை ஜெபமாலைக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது.

கிணற்றுத் தண்ணீர். அந்த அறையில் ஏழு பிள்ளைகளுக்கு அதே நோய். மருந்து வரும் என்றார்கள். மருந்து வருகிறது, பக்கத்து அறையோடு தீர்ந்துபோகிறது. நான் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தேன். வயிற்றில் தங்கவில்லை. ஐந்தாம் நாள் காலை அவள் கை என் விரலை விட்டது. சண்டை நின்று ஐந்து நாள் ஆகியிருந்தது.

சரோஜாதான் குழி வெட்ட ஆள் பிடித்தாள். ஆற்றோர மணல். சிலுவை நட ஒரு குச்சிகூட நிற்கவில்லை. மணல் சரிந்தது. நானே ஜெபம் சொன்னேன்.

டிசம்பரில் பாம்பன் பாலத்தைக் கடந்து வந்தேன். ரயில் பாலத்தில் ஊர்ந்தது. இரும்பின் சத்தம். கீழே கடல். என் கையில் ஒரு துணி மூட்டை. நிலையத்தில் மாமியார் நின்றிருந்தார். என் இடுப்பைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். யாரும் இறங்கவில்லை.

"பிள்ள எங்கடி?" என்றார்.

நான் சொன்னேன். அவர் அப்படியே தண்டவாளத்தின் ஓரம் உட்கார்ந்துவிட்டார்.

பொங்கலுக்கு முன்னால் பட்டாளத்திலிருந்து கடிதம் வந்தது. நாயக் பதவியிலிருந்த அருளானந்து காணவில்லை. இறந்தார் என்று இல்லை. காணவில்லை. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். மாமியார் பிடித்துக்கொள்ளவில்லை. அவர் கடற்கரையில் பிறந்தவர். காணாமல்போனவர்களை அவருக்குத் தெரியும். பங்குச் சாமியாரிடம் போய் மகனுக்குத் துக்கப் பூசை கேட்டுவிட்டார்.

சாமியார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். வெள்ளிக்கிழமை பூசை. நான்தான் வாசிக்க வேண்டும். வேறு ஆள் இல்லை.

"மாட்டேன் சாமி. உசுரோட இருக்கவருக்கு எப்படி வாசிக்கிறது?"

"உங்க அத்தை அழுறாங்கம்மா."

"அழட்டும். நாளைக்கு அவங்க மகன் திரும்பி வந்து நின்னா யார் பதில் சொல்றது?"

பூசை நடக்கவில்லை. மாமியார் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. ஒரே அடுப்பு. ஒரே பானை. சோற்றைத் தட்டில் போட்டு என் பக்கம் நகர்த்துவார். கருவாடு காயப்போடும் இடத்தில் பெண்கள் நான் வந்தால் பேச்சை நிறுத்துவார்கள். சிறைப்பட்டவர்களைச் சீனா திருப்பி அனுப்புகிறது என்று செய்தித்தாளில் வந்தது. வாங்கி வாங்கிப் படித்தேன். ஞாயிறுதோறும் வாசித்தேன். கை தானாக வாசித்தது.

1963 செப்டம்பர். மதியம் இரண்டு மணி ரயில் வந்துபோன பிறகு ஒருவர் வீட்டு வாசலில் நிற்கிறார். ஊன்றுகோல். முப்பது வயதுகூட இருக்காது. நயினார்கோவில் பக்கம் ஒரு கிராமத்து விவசாயி மகன். பெயர் முத்திருளன்.

"மதினி, நான் அருளண்ணன் லாரியில கிளீனரா போனவன்."

உட்காரச் சொன்னேன். காலை நீட்டித்தான் உட்கார முடிந்தது. இரண்டு பாதத்திலும் விரல்கள் இல்லை. பனியில் அழுகிப்போனதால் எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் ஆஸ்பத்திரி.

அவர் சொன்னது இது. பின்னால் பாதையைச் சீனர்கள் அடைத்துவிட்டார்கள். லாரியைப் பள்ளத்தில் உருட்டிவிட்டு ஐந்து பேர் காட்டுக்குள் இறங்கினார்கள். பூட்டான் பக்கம் நடந்தார்கள். சோறு இல்லை. இரண்டாம் நாள் அருளானந்துக்குக் கணுக்கால் முறிந்தது. முத்திருளன் ஒரு நாள் முழுக்கத் தோளில் சாய்த்து இழுத்துவந்தார். மற்ற மூன்று பேர் காத்திருக்கவில்லை.

"எனக்குத் துணிச் செருப்பு மதினி. கிழிஞ்சு போச்சு. காலு மரத்துப் போச்சு. அண்ணனுக்குத் தோல் பூட்ஸ். விடிஞ்சு பாத்தா அண்ணன் மரத்துல சாஞ்சு கண்ண மூடி இருந்துச்சு. கூப்பிட்டேன். பேசல. பூட்ஸக் கழட்டிப் போட்டுக்கிட்டு நடந்துட்டேன்."

"மூச்சு இருந்துச்சா?"

வெளியே யாரோ வலை உதறும் சத்தம். நான் திரும்பக் கேட்டேன்.

"நான் பாக்கல மதினி. பாத்திருந்தா கழட்டியிருக்க மாட்டேன். அதனாலதான் பாக்கல."

உள்ளே மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். முத்திருளனும் அப்படித்தான் நினைத்திருப்பார், தலையைக் குனிந்துகொண்டார். மாமியார் அந்தப் பாதங்களையே பார்த்தார்.

"இங்கன வரைக்கும் இந்தக் காலோடயா வந்த? எந்திரி. சாப்புடு."

நான் பரிமாறவில்லை. கோயிலுக்குப் போனேன். ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தேன். மிதிக்கவில்லை. காற்று இல்லாமல் கட்டையை மட்டும் அழுத்தினேன். டக். டக். டக். அந்தச் சத்தம் மட்டும்.

பிறகு சாமியாரிடம் போய்த் துக்கப் பூசைக்கு என் கணவர் பெயரைக் கொடுத்தேன். ஜெபமாலையின் பெயரையும் கொடுத்தேன். சாமியார் இரண்டாவது பெயரை அடித்துவிட்டார்.

"மூணு வயசுப் பிள்ளைக்குத் துக்கப் பூசை கிடையாதும்மா. பாவம் அறியாதது, சம்மனசா, தேவதூதரா மேல போயிருச்சு."

1963 நவம்பர் 2. கல்லறைத் திருநாள். கறுப்புப் பூசை உடை. பீடத்தின் முன் காலிச் சவப்பெட்டி, மேலே கறுப்புத் துணி. உள்ளே யாரும் இல்லை. ஊரே வந்திருந்தது. முத்திருளன் வாசலுக்கு வெளியே ஊன்றுகோலோடு நின்றார். முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். எங்கும் தவறவில்லை. தவறாததற்காக இன்றும் எனக்கு வெட்கம். சாமியார் என் கணவர் பெயரைப் படித்தபோதும் என் கை நிற்கவில்லை.

முத்திருளனை மன்னித்துவிட்டாயா என்று சாமியார் பிறகு கேட்டார். தெரியவில்லை என்றேன். இன்று கேட்டாலும் அதுதான் சொல்வேன்.

கணக்கு இது. தேஜ்பூரில் விட்டது ஒரு தகரப் பெட்டி, திருமணப் படம், என் பாட்டு நோட்டு. முத்திருளனின் கால்விரல் பத்தும் போயின. சரோஜாவின் கணவர் உயிரோடு திரும்பினார். 1964 டிசம்பர் புயலில் கடல் கோயிலுக்குள் வந்தது, ஆர்மோனியம் ஊறி உடைந்தது. மறு வருடம் மாமியாரும் இறந்துபோனார்.

அருளானந்து, வயது முப்பத்தொன்று. உடல் கிடைக்கவில்லை. ஜெபமாலை, மூன்று வயது ஏழு மாதம். குழி இருந்த கரையை ஆறு கொண்டுபோயிருக்கும்.

பட்டாளத்துத் தாளில் இந்த வீட்டுக்கு ஓர் உயிர் என்று இருக்கிறது. படிக்கிறவர்கள் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.