மட்டமான டிரில் மிஷின்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு மீனவர்கள். மடியில் புது டிரில் மிஷின் வைத்திருந்தவர் அலுப்புடன் சொன்னார்:

"கடையில கீறதுலயே மட்டமானதா குடுனு கேட்டு வாங்கினேன் மச்சான்."

"இன்னாத்துக்கு? லீவு நாள்ல ஆசைக்கு ஸ்டூலு, அலமாரினு செய்ற ஆளு நீ. நல்லதா ஒண்ணு வாங்கினா காலத்துக்கும் உழைக்குமே."

"நல்லது வீட்ல கீது. போட்டுல ஒரு ஸ்க்ரூ போடணும்னாலும் குப்பமே நம்ம வாசல்ல வந்து நிக்குது. ஒண்ணா கடலுக்குப் போறவங்களாண்ட இல்லைன்னு எப்டி சொல்றது? அதான், நல்லத ஒளிச்சு வெச்சுட்டு மட்டமானத குடுத்து அனுப்புறேன்."

பக்கத்தில் இருந்தவர் அந்தப் புது மிஷினை உற்றுப் பார்த்தார்.

"போன வாரம் எனக்குக் குடுத்தியே, கைலயே புகைஞ்சு போச்சே?"

"அதுக்குப் பதிலாத்தான் இது."