மணி அடித்தது யார்

ஹலோ... ஹலோ, ஜேம்ஸா? நான்தான்டா, ஆரோக்கியநாதன். கெலமங்கலம் போஸ்ட் ஆபீஸ்லருந்து... ஆமா, ஆமா, காலையில புக் பண்ண டிரங்க் கால், இப்பதான் மெட்ராஸ் லைன் குடுத்தாங்க. மூணு நிமிஷந்தான். கேளு.

உன் ஆராய்ச்சிக் கட்டுரைய வெள்ளிக்கிழமை கிருஷ்ணகிரி கூட்டத்துல படிக்கப் போறியாமே?... ம்... நம்ம மாதா கோயில்ல எடம், பஞ்சாயத்து யூனியன்ல அரிசி, பால் சொசைட்டி லாரி, மூணும் சேந்து வெள்ளத்துல ஊர எப்பிடிக் காப்பாத்துச்சுன்னு... சரி, சரி. அதுல தீர்த்தகிரி பேரு எத்தினி வாட்டி வருது?

...பதினொண்ணா?

நல்லாருக்குடா. ஒரே பெஞ்சுல ஒக்காந்து படிச்சோம். நீ எம்.ஏ., நான் பி.யு.சி.யோட சரி. அது போவட்டும். ஆனா சொசைட்டில பால் அளக்கறவன் பேரு பதினொரு வாட்டி!... பொறாமையா? எனக்கா?... ஆமாடா, பொறாமைதான். போன மாசம் யூனியன் ஆபீஸ்ல அவனுக்கு மாலை போட்டாங்க. நானும் நின்னு கை தட்டினேன். இப்ப உன் கட்டுரையப் பாத்துதான் வெள்ளக் கமிட்டிக்குச் செயலாளர் போடப் போறாங்க. அது எனக்கு வேணும்.

...இல்ல, நீ கேளு. அன்னிக்கு மத்தியானம் ஏரிக்கர உடையறத மொதல்ல பாத்தது யாரு? நான். ஓடிப்போய்க் கோயில் மணி அடிச்சது யாரு? நான். கோயில் மேட்டுக்கு அறுபது பேர் ஏறி வந்தாங்க... ஆமா, எல்லாம் நம்ம கோயில் ஆளுங்கதான்... மத்தவங்களா? வரலடா.

...ஏன்னா... நான் வுட்டு வுட்டு ஒண்ணொண்ணா அடிச்சேன். ஆமா, சாவு மணி! எங்கப்பா செத்தப்ப அடிச்சது. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். நம்மாளுங்க யாரு செத்ததுன்னு கேக்க ஏறி வந்தாங்க. மத்தவங்க, யாரோ பாவம் போய்ட்டாங்கன்னு மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தாங்க.

...அப்பறம் என்னா, தீர்த்தகிரி வந்தான். சாவு வீட்டுலருந்து இன்னிக்குப் பால் வராதே, அது எந்த வீடுன்னு கேக்க வந்தவன், விஷயம் தெரிஞ்சதும் லாரிய எடுத்துக்கிட்டுத் தெருத்தெருவாப் போனான். தெலுங்குல ஒரு கத்து, கன்னடத்துல ஒரு கத்து... சரிடா, ஏத்தினான், எல்லாரையும் ஏத்தினான். போதுமா?

...என்னா? மணியப் பத்தி அவனே உங்கிட்டச் சொன்னானா?... நான் அடிச்சதாலதான் ஊரு பொழச்சுதுன்னா?... எப்பிடி அடிச்சேன்னு சொல்லலையா?

...சொல்லலையா.

அப்போ இப்ப நானேதான் ஒளறிட்டேனா... டேய், அத எழுதாதடா. ஜேம்ஸு, வேணாம். அந்தக் கமிட்டில எவன் மூஞ்சியில நான்... ம்... ம்... அடுத்த மழையிலயும் அதே மாதிரி அடிச்சா மத்தவங்க வீட்டுலயே இருந்துடுவாங்க... ஆமா. ஆமாடா, புரியுது.

...சரி, எழுதிக்க. சாவு மணின்னே எழுதிக்க. வெள்ளத்துக்கு மணி வேற மாதிரி அடிக்கும்னு ஊர் பூரா சொல்லி வெக்கணும், மூணு பாஷையிலயும். அதையும் எழுது.

...எம் பேரா? போடு... அவன் பேருக்குக் கீழயா?... கீழன்னா எப்பிடி? அடுத்த வரியா, அடுத்த பக்கமா?... ஹலோ... ஜேம்ஸு... எந்தப் பக்கம்டா?... ஹலோ...