நுரை அடங்கும் வரை

அக்கா, நீ அனுப்பிய காலுறை அளவு சரியாக இருக்கிறது. இரண்டு ஜோடி போட்டாலும் ஷூவுக்குள் கால் நுழைகிறது. இதை நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது. வீட்டில் பேசுவது போலப் பேசினால் அதற்குப் புரிவதில்லை, அதனால் செய்தி வாசிப்பவர் மாதிரி பேசிக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே.

போன வாரம் நீ கேட்டாய், "அங்க நீ என்னதான்டா வேலை பாக்குற, யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்று. தண்ணீர் பிடிக்கிற வேலை என்று சொல். உண்மையும் அதுதான்.

இந்த ஊருக்கு வடக்கே ஒரு பெரிய பொது நிலம் இருக்கிறது. வெறும் புல்லும் புதரும். அதில் முப்பது எரிவாயுக் கிணறுகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. இன்னும் இருநூறு தோண்ட அனுமதி வேண்டும் என்று ஒரு நிறுவனம் அரசிடம் கேட்டது. தோண்டினால் சுற்றுப்புறத்தில் என்னென்ன கெடும் என்று முதலில் ஆராய்ந்து அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையைத் தயாரிக்கும் அலுவலகத்தில்தான் நான் இருக்கிறேன். நிலத்தை ஒட்டி நாற்பத்தொரு வீடுகள், எல்லாவற்றிலும் போர்வெல். அந்தத் தண்ணீரில் எரிவாயு கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக, வீடு வீடாகப் போய்ப் பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆய்வுக்கூடத்தில் சேர்ப்பது என் பொறுப்பு.

பாட்டிலுக்கு ஒரு விதி உண்டு. மூடிவிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்தால் கடுகளவு குமிழிகூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் கொட்டிவிட்டு வேறு பாட்டிலில் பிடிக்க வேண்டும். முதல் வாரம் எனக்கு அது வரவே இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக வந்தது, உஸ்ஸென்று சத்தம் வேறு. ஒரே வீட்டில் பதினான்கு பாட்டில்களைப் பாழாக்கினேன். எங்கள் மேலாளர், சார் என்றுதான் கூப்பிடுவோம், காலிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "பாட்டில் என்ன மரத்துலயா காய்க்குது?" என்றார். அவர் கோபப்படவில்லை. நான்தான் நாட்களை எண்ண ஆரம்பித்தேன். என்னுடைய தங்கும் அனுமதி இன்னும் நான்கு மாதத்தில் முடிவதாக இருந்தது. அதைப் புதுப்பிக்க அவர் கடிதம் வேண்டும். அது புதுப்பிக்கப்பட்டால்தான் உனக்கும் பிள்ளைகளுக்கும் நான் விண்ணப்பம் போட முடியும்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து அரை மணி நேரம் அப்படியே வைத்தேன். நுரை அடங்கி, கண்ணாடி மாதிரித் தெளிந்தது. பிறகு பாட்டிலை உள்ளே முக்கி எடுத்தேன். கவிழ்த்துப் பார்த்தால் ஒரு குமிழி இல்லை. சார் பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இதுவரைக்கும் வந்தவங்கள்ல நீதான்ப்பா உருப்படி" என்றார். அன்றைக்கு உன்னை போனில் கூப்பிட்டேனே, குரல் தெளிவாக இருக்கிறது என்றாயே, அந்த நாள்தான்.

முதல் பதினொரு வீடுகளுக்கும் ஒரே முடிவு வந்தது. எரிவாயு கண்டறியப்படவில்லை.

மூன்றாவது வாரம் ஆய்வுக்கூடத்தில் பெட்டியை இறக்கும்போது அங்கிருந்த மேடத்திடம் பேச்சுவாக்கில் கேட்டேன், தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தால் எப்படிப் பிடிப்பது என்று.

"நுரைக்குதுன்னா அந்த நுரையே எரிவாயுதானே. அதுக்குப் பாட்டில் ஆகாது. பை இருக்கு, நேரா குழாயிலயே மாட்டணும், காத்தே படக் கூடாது. வெளிய விட்டு வெச்சா மொத்தமும் பறந்துடும்" என்றார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "ஏன், உனக்கு அப்படி வருதா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

அவர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கட்டுப் பைகளைக் கொடுத்து அனுப்பினார். அவற்றை வண்டியில் என் சீட்டுக்கு அடியில் வைத்தேன்.

நான் அப்போது யோசித்ததை வரிசையாகச் சொல்கிறேன். சொன்னால் பதினொரு வீடுகளையும் மறுபடி எடுக்க வேண்டும். அறிக்கை மூன்று மாதம் தள்ளிப்போகும். யாரால் தள்ளிப்போனது என்று கேட்பார்கள். சொல்லாமல், மீதி முப்பது வீடுகளில் மட்டும் பையைப் பயன்படுத்தினால், பாதி ஒரு மாதிரியும் பாதி வேறு மாதிரியும் இருக்கும். ஒரே ஆய்வில் இரண்டு முறை இருக்கக் கூடாது. அதனால் வாளியையே வைத்துக்கொண்டேன். சார் என்னிடம் பொய் சொல்லச் சொன்னதே இல்லை. நானும் எந்தத் தாளிலும் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. இதை நீ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இருபத்தாறாவது வீடு ஒரு தையல்காரம்மாவுடையது. நாற்பது வயது இருக்கும், வாயில் எப்போதும் இரண்டு ஊசி. அவரையும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

"குடிச்சா ஏப்பம் வருது தம்பி. எலுமிச்சம்பழம் பிழிஞ்சா சோடாக் கடையே போட்டுடலாம்."

"போடுங்க, நான் வந்து உக்காந்துக்கறேன்."

"நீ எங்க குடிப்ப, கையிலயே தண்ணிப் பாட்டில் வெச்சிருக்க" என்றார். நான் சிரித்தேன். கடையில் வாங்கிய பாட்டில்தான், உண்மை.

அறிக்கையைப் பொதுமக்கள் படித்துக் கருத்துச் சொல்ல முப்பது நாள் கொடுத்தார்கள். நூலகக் கூடத்தில் மேசை போட்டு நான்தான் வாங்கினேன். வந்த தாள்களைப் பிரிப்பதும் நான்தான். இரண்டு தட்டுகள் இருந்தன. தகவல் தருபவை ஒன்றில், வெறும் கவலையைச் சொல்பவை மற்றொன்றில். தகவல் தட்டுக்கு மட்டும் அலுவலகம் விளக்கம் கொடுத்தாக வேண்டும். தையல்காரம்மா ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். தண்ணீர் உஸ்ஸென்கிறது, பம்ப் அறையில் தலை சுற்றுகிறது, குழாயருகே தீக்குச்சி கிழித்தால் ஒரு கணம் நீலமாக எரிகிறது. ஆய்வு முடிவு எரிவாயு இல்லை என்கிறபோது அதற்கு எதிராகச் சொல்வதைத் தகவல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கவலைத் தட்டில் வைத்தேன்.

பத்து நாள் கழித்து அவர் போன் செய்தார். "தம்பி, வேலை குவிஞ்சு கெடக்கு. இஸ்திரி மேசையப் பம்ப் ரூமுக்கு மாத்திட்டேன். குளிர் உயிரெடுக்குது. மேல இருக்கற காத்து ஓட்டையத் துணி வெச்சு அடைச்சுக்கலாமா? நீ படிச்ச புள்ள, நீ சொல்லு."

"ரிசல்ட் வந்துருச்சுக்கா. ஒண்ணும் இல்ல."

"நெஜமாவா?"

"எழுத்துல இருக்குக்கா."

நான் தாளில் இருந்ததைச் சொன்னேன். அடைக்கலாம் என்று நான் சொல்லவில்லை.

எட்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு இஸ்திரிப்பெட்டியின் சுவிட்சைப் போட்டிருக்கிறார். பம்ப் அறை வெடித்து, மேற்குச் சுவர் சாலையில் வந்து விழுந்தது. அவர் அங்கேயே இறந்துவிட்டார். அவர் கணவர் பேருந்து ஓட்டுபவர், அப்போது வேலையில் இருந்தார். தீயணைப்பு அதிகாரி, வயர் கோளாறு இவ்வளவு பெரிய சுவரைத் தள்ளாது என்று சொல்லி, தண்ணீரை மறுபடி சோதிக்கச் சொன்னார். அலுவலகத்தில் அதற்கு என்னைத்தான் அனுப்பினார்கள். அந்த வீடு எனக்குத் தெரியும் என்பதால்.

போர்வெல் கெடாமல்தான் இருந்தது. கணவர் சீருடையிலேயே நின்றிருந்தார், மூன்று நாளாகச் சவரம் செய்யவில்லை. பைகள் வண்டியில் இருந்தன. பத்தடி தூரம். நான் வாளியை எடுத்தேன். தரை முழுக்கச் செங்கல் துண்டுகள், வாளி நிற்கவில்லை, ஆடியது. அவரே வந்து குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எதுக்குத் தம்பி காத்திருக்கோம்?"

"நுரை அடங்கட்டும்ணே."

"சரி, சரி. சரியா எடுங்க. இதுல தெரிஞ்சுடும்ல?"

"தெரிஞ்சுடும்ணே."

அரை மணி நேரம் அவர் வாளியை ஆடவிடவில்லை. கால் மரத்துப் போயிருக்கும், மாற்றி வைக்கக்கூட இல்லை. முன்பு எப்படி எடுத்தேனோ அப்படியே எடுத்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். பாட்டிலை முக்கி எடுத்துக் கவிழ்த்துக் காட்டினேன். ஒரு குமிழி இல்லை. அவர் எனக்கு நன்றி சொன்னார்.

முடிவு பழையபடிதான் வந்தது. அதிகாரி மின்கசிவு என்று எழுதி முடித்தார். போன மாதம் இருநூறு கிணறுகளுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. மற்ற நாற்பது வீடுகளுக்கும், உங்கள் தண்ணீரில் குறை எதுவும் காணப்படவில்லை என்று கடிதம் போனது. தபால் பெட்டிகளில் நான்தான் போட்டேன். ஒரு வீட்டில் கொடியில் சின்னச் சின்னச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அன்றைக்கு மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவுதான். இப்போது களைப்பாக மட்டும் இருக்கிறது.

உனக்காகத்தான் என்று சொல்ல மாட்டேன், அது உன் தலையில் போடுவதாகும். நான் தப்பு செய்தேன் என்றும் எனக்குத் தோன்றவில்லை. முறைப்படி பார்த்தால் அந்தத் தண்ணீரில் எதுவும் இல்லை. மூன்று முறை கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் அனுமதி வந்துவிட்டது. தேதி பார்த்துச் சொல். வீடும் பார்த்துவிட்டேன், இரண்டு அறை, பக்கத்திலேயே பள்ளிக்கூடம். வடக்குப் பக்கம் நல்ல நல்ல வீடுகள் காலியாக இருக்கின்றன, சார்கூடச் சொன்னார். ஆனால் அங்கெல்லாம் போர்வெல் தண்ணீர், அதனால் நான் எதையும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.