விரலால் தண்ணீரை உயர்த்துங்கள்

இந்த நாற்காலி பரவாயில்லை. எங்கள் அலுவலகத்து நாற்காலியில் பத்து வருடம் உட்கார்ந்து முதுகு போனதுதான் மிச்சம்.

நான் ஓர் இணையச் செய்தித்தளத்தில் வடிவமைப்பாளர். எழுத்தாகக் கிடக்கும் செய்தியைப் படமும் ஒலியுமாக, வாசகர் விரல் வைத்து நகர்த்திப் பார்க்கும்படி ஆக்குவது என் பொறுப்பு. ஒருவர் எங்கள் பக்கத்தில் சராசரியாகப் பதினெட்டு நொடி இருப்பார். தும்மிவிட்டு மூக்கைத் துடைக்கிற நேரம். அதைக் கூட்டத்தான் எனக்குச் சம்பளம்.

அன்று மதியம் ஒரு மணிக்கு நிருபர் செய்தி கொண்டுவந்தாள். மூன்றே வரி. மாலை நான்கு மணிக்கு அணை திறக்கப்படும். ஆற்றோரத் தெருக்காரர்கள் அதற்குள் வெளியேற வேண்டும்.

"சார், நேரத்த மட்டும் தலைப்புலயே போட்டுடுங்க."

"போட்டா படிச்சுட்டுப் போயிடுவாங்கம்மா."

"போகத்தானே சார் சொல்றோம்."

சின்னப் பெண். தொழிலின் சூட்சுமம் இன்னும் பிடிபடவில்லை.

நேரத்தைக் கடைசிக்குக் கொண்டுபோனேன். நகரத்தின் படம் விரியும், மழைச் சத்தம் கேட்கும், விரலால் தண்ணீரை மேலே இழுத்தால் தெருத்தெருவாக மூழ்கும். கடைசித் தெருவும் மூழ்கிய பிறகே நான்கு மணி என்ற வரி வரும். கூரைகளில் ஈரம் மின்னுவதற்கு மட்டும் நாற்பது நிமிடம் உழைத்தேன். ஆசிரியர் பாதிவரை இழுத்துப் பார்த்துவிட்டுப் பிரமாதம் என்றார்.

மூன்று மணிக்கு அத்தான் கூப்பிட்டார். என் அக்காவின் கணவர். ஆற்றிலிருந்து இரண்டாவது தெருவில் வீடு.

"அசத்திட்ட மச்சான். உன் மருமக போனக் குடுக்கவே மாட்டேங்குறா. நம்ம வீட்டையே மூணு தடவ மூழ்கடிச்சுட்டா."

"முழுசாப் பாத்தீங்களா அத்தான்?"

"எங்க விடுறா. ஏன், கடைசில ஏதாவது இருக்கா?"

"இழுத்துப் பாருங்க," என்றேன்.

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். சொல்லியிருந்தால் பக்கத்தை மூடிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு வாசகர் கடைசிவரை வருகிறாரா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. எங்கள் பக்கம் எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று காட்டும் என் திரையில் அந்தத் தெருவுக்கு ஒரு பச்சைப் புள்ளி. நான்கு மணிக்கும் எரிந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இறந்தது ஒன்பது பேர் என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். ஏழு பேரின் போனில் எங்கள் பக்கம் திறந்திருந்ததாகவும் நீங்களே சொன்னீர்கள். என் மருமகள் அப்பாவின் போனில் பார்த்தாள். அவளையும் சேர்த்தால் எட்டு. அன்றைய சராசரி ஆறு நிமிடம் பத்து நொடி.

அக்கா அன்று வேலைக்குப் போயிருந்தாள். இப்போது என் முகத்தில் விழிப்பதில்லை. அந்தப் பக்கத்தை அவள் இன்னும் திறந்தே பார்க்கவில்லையாம். ஒரு தடவை கடைசிவரை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு மணி என்று தெளிவாகவே போட்டிருக்கிறேன்.