இடது பக்கத் தகடு

மாலை நாலே கால். டிசம்பர் மாதம். தெராதொமாரி என்ற மீன்பிடி ஊருக்குத் தெற்கே, கடலை ஒட்டிப் போகும் சாலை... குளிர்காலத்தில் அந்த நேரத்துக்கே இருட்டு இறங்கிவிடும். மீன் கடைகளெல்லாம் சாத்திவிட்டார்கள். முன்னால் ஒரு வண்டி இல்லை. பின்னாலும் இல்லை. பனியைக் கரைக்கச் சாலை நடுவிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீரின் துருச் சிவப்பு மட்டும் விளக்கு வெளிச்சத்தில் நீண்டுகொண்டே போனது.

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். இது என் சிநேகிதி ஹனயேயின் சித்திக்கு நடந்தது. பெயர் சிகுசா. சன்ஜோ ஊருக்கு வெளியே சொந்தமாகத் தகரப் பட்டறை வைத்திருக்கிறாள். நாற்பத்து மூன்று வயதுவரை கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள். ரியோஜி ஒரு நாள் தன் பழைய காரின் மட்கார்டைத் தட்டி எடுக்கக் கொண்டு வந்தான். மனைவியை இழந்தவன். அடுத்த வசந்தத்தில் கல்யாணம். அந்தக் காருக்குச் சிகுசாவைவிட ஒரு வயது கூட.

அன்று ரியோஜி ஓட்டினான். சிகுசா இடது பக்கம். கால் மரத்துப்போனதால் கொஞ்சம் மாற்றி ஊன்றினாள்.

சர்ரக்...

காரின் தரைத் தகடு கிழிந்து குதிகால் வெளியே போய்விட்டது. குளிர்ந்த தண்ணீர் கணுக்காலில் அடித்தது. ரியோஜி வண்டியை ஓரமாக நிறுத்தினான். அடிபட்டதா என்று கேட்கவில்லை.

"அங்க எதுக்குக் கால வச்சே?" என்றான்.

"வேற எங்க வைக்கறது? உங்க தலையிலயா?"

அவன் சிரிக்கவில்லை.

சிகுசாவுக்கு அது உறுத்தியது. முதல் மனைவி சயோகோவின் படத்துக்குத் தினமும் அவள்தான் சோறு வைக்கிறாள். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. ஆனால் இந்தக் காரில் மட்டும், யார் வீட்டுக்கோ சொல்லாமல் வந்துவிட்ட விருந்தாளி மாதிரி இருக்கும். அந்த இருக்கையை ஓர் அங்குலம் பின்னால் தள்ளக்கூட ரியோஜி விட்டதில்லை.

மறுநாள் காரைப் பட்டறையில் ஏற்றினாள். இருக்கையைக் கழற்றி, விரிப்பை உரித்து, அடியிலிருந்த தாரைச் சுரண்டினாள். துரு ஓட்டைகளுக்கு நடுவே, கெட்டியாக நின்ற தகட்டில் இரண்டு குழிகள்... பக்கத்தில் பக்கத்தில். ஒரே இடத்தில் வருஷக் கணக்காகக் குதிகாலை ஊன்றி உட்கார்ந்தால் விழுகிற மாதிரி. தன் குதிகாலை வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. அவளுடையதைவிடச் சின்னக் கால்.

சயோகோவின் கால்தான் என்று முடிவு செய்தாள். எத்தனை பயணம் போயிருப்பார்கள் இரண்டு பேரும்... இரும்பில் தடம் விழும் அளவுக்கு.

ரியோஜி வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னான். "வெட்டி எடுக்கற தகட்ட மட்டும் தூக்கிப் போட்டுடாத."

"துருப் பிடிச்சது உங்களுக்கு எதுக்கு?"

"சும்மா... இருக்கட்டும்."

அவன் தலை மறைந்ததும் பழைய பற்றவைப்புகளைத் துளைத்து, தகட்டை உளியால் பெயர்த்து, அன்று மதியமே காயலான் கடை லாரியில் ஏற்றிவிட்டாள்.

பிறகு புதுசு. அட்டையில் அளவு வெட்டி, ஒரு மில்லிமீட்டர் தகட்டில் வரைந்து, மணல் மூட்டைமேல் போட்டு மரச் சுத்தியால் வளைத்தாள். தகட்டுக்குப் பலம் தரும் மேட்டு வரிகளைப் பள்ளம் வெட்டிய மரக்கட்டையில் வைத்து ஒவ்வொன்றாக அடித்து இறக்கினாள். இரண்டு நாள். காரில் வைத்தபோது விளிம்பில் நகம் நுழைய இடமில்லை. கவ்விகளை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

அடுக்களையில் இருக்கும்போது கேட்டது.

டக்... டக்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். டக்... டக். உட்கார்ந்திருப்பவர் அலுப்பில் குதிகாலைத் தட்டுவது போல.

போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. பழங்காலத்துத் தலை எண்ணெய் வாசம் மட்டும் மெலிதாக... புதுத் தகட்டில் இரண்டு குழிகள்.

இன்னொருத்தியாக இருந்தால் ஓடியிருப்பாள். சிகுசாவுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அடியில் இரும்புக் குண்டைப் பிடித்து மேலிருந்து தட்டிச் சமமாக்கினாள். பற்றவைத்துச் சாம்பல் நிறப் பூச்சும் அடித்தாள். காலையில் மறுபடி குழிகள். பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை.

"சரி, பாத்துக்கலாம்" என்றாள், வெறும் காரைப் பார்த்து.

எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்காக வாங்கி வைத்திருந்த இரண்டு மில்லித் தகட்டை எடுத்தாள். அதைக் கையால் வளைப்பது சாதாரணமில்லை. ஐந்து நாள் ஆனது. உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. பொருத்தியபின் மேலே ஏறிக் குதித்துப் பார்த்தாள். அசையவில்லை. இருக்கையை மாட்டி, நன்றாகப் பின்னால் தள்ளி, சோற்று உருண்டையும் கையுமாக அதில் உட்கார்ந்தாள். நடுப்பகல். வெளியே வெயில்கூட அடித்தது.

"உன் இடம் போச்சு. இப்ப எங்க உட்காருவே? செத்தவ செத்த இடத்துல கிட."

எண்ணெய் வாசம் வந்தது.

மடியில் ஒரு குளிர். கனமில்லை, குளிர் மட்டும். பிறகு அவளுடைய இரண்டு பாதங்களின் மேலும், மெதுவாக, சின்னதாக இரண்டு குதிகால்கள் ஊன்றின... அழுத்தின. இன்னும் அழுத்தின. கத்த வாயெடுத்தாள். வாயில் சோறு. எப்படிக் காலைப் பிடுங்கிக்கொண்டு வெளியே விழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

காலுறையைக் கழற்றினால், இரண்டு பாதங்களிலும் நீலமாக ஒரு வட்டம். காலைப் பிடுங்கிய இடத்தில், இரண்டு மில்லித் தகட்டில், குழிகள்.

அந்த வாரம் சயோகோவின் ஏழாம் ஆண்டு நினைவு வழிபாடு. சயோகோவின் தங்கை மினே ஒரு பெட்டி ஆரஞ்சோடு முந்தின நாளே வந்தாள். ரியோஜி வீட்டில் இல்லை. டீ ஊற்றிக் கொடுத்த சிகுசாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. காலை நீட்டினாள்.

"பாருங்க, உங்க அக்கா பண்ணின வேலைய. அவங்க புருஷன நான் தட்டிப் பறிக்கல. போய்ச் சேர்ந்தப்புறம்தான் வந்தேன். அந்த ஒரு சீட்டக்கூடவா விடக் கூடாது?"

மினே டீயைக் கீழே வைத்துவிட்டு அந்த நீல வட்டங்களைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா அந்தக் கார்ல முன்னாடி உட்கார்ந்ததே இல்லீங்க" என்றாள். "எப்பவும் பின் சீட்டுதான். ஒரே ஒரு தடவை... கல்யாணம் ஆன புதுசுல உட்கார்ந்தா. மறுநாள் எங்க வீட்டுக்கு வந்து, இதே மாதிரிதான் காலைக் காட்டினா."

சிகுசா காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அவங்க கல்யாணத்துக்கு முன்னாடியே மச்சான்கிட்ட அந்தக் கார் இருந்துச்சு. யாருது, யாரு குடுத்தாங்கன்னு அக்கா எத்தனையோ தடவை கேட்டா. சொல்லவே இல்ல. 'யாருடி அவ, யாருடி அவ'ன்னு என்கிட்ட அழுவா. ஆஸ்பத்திரியில கடைசி நாள்கூட அதைத்தான் கேட்டா."

அன்று சாயங்காலம் சயோகோவின் படத்துக்குச் சிகுசா ஒரு பிடி சோறு கூடுதலாக வைத்தாள். இத்தனை மாதம் அவள்மேல் வைத்திருந்த வஞ்சத்தை இனி யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் அது அணையவும் இல்லை.

ரியோஜி வந்ததும் கேட்டாள். "அந்தக் கார் யாருது?"

"என்னுது."

"அதுக்கு முன்னாடி?"

"வேலை முடிஞ்சுதா? ஓட்டலாமா?" என்று மட்டும் கேட்டான். சாவியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனான். முகத்தைக் கழுவித் தலை சீவியிருந்தான்.

சிகுசா ஜன்னலில் நின்று பார்த்தாள். அவன் முதலில் போனது இடது பக்கம். கதவைத் திறந்து, பின்னால் தள்ளியிருந்த இருக்கையை முன்னுக்கு இழுத்தான். யாரோ ஏறுவதற்கு வழி விடுவது போல, கதவைப் பிடித்தபடி நின்றான்.

பிறகு குனிந்தான். கதவில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, தரையில் தொங்கிய எதையோ, நீளமாக, உட்கார்ந்தவளின் உடை நுனியைப் போல, இரண்டு கையாலும் வாரி உள்ளே எடுத்து வைத்தான். அப்புறம்தான் கதவைச் சாத்தினான்... மெதுவாக.