பல்வலிக்குப் புகையிலை

கூலித் தகராறு ஓய்ந்திருந்த வருஷம். திருவாரூரிலிருந்து மன்னார்குடி போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் வைத்திருந்தவள் சொன்னாள்:

"வாயை ஒழுங்கா வச்சிருந்தா நான் பொழைச்சிருப்பேனாம்க்கா."

"யாரு சொன்னா?" என்றாள் மூத்தவள்.

"டாக்டரம்மாதான். கன்னத்துக்குள்ள இருக்கிறது வெறும் புண்ணு இல்லையாம், புத்துநோயாம். பல்லு வலிச்சப்பவே ஏன் வரலேன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"நடவு முடியட்டும்னு இருந்தேன். அப்புறம் அறுப்பு. அப்புறம் போராட்டத்துல அவரைப் போலீஸ் புடிச்சிட்டுப் போச்சு. வலிக்கிறப்பல்லாம் புகையிலையைக் கிள்ளி அடக்கிக்கிட்டு வயல்ல எறங்கினேன். மரத்துப் போயிரும்ல."

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்."

"முத்திப்போச்சுன்னுட்டாங்க. நான் எனக்காக அழலைக்கா. போன வருஷம் என் மவளுக்குக் கடவாய்ப்பல்லு வலி. வரப்புல உக்காந்து அழுதா. நான்தான் கிள்ளிக் கொடுத்தேன். இப்ப அது இல்லாம அவ நடவுக்கே எறங்கறதில்ல. இன்னிக்கும் ஒரு பொட்டலம் வாங்கிட்டு வரச் சொன்னா. டாக்டரம்மாவைப் பாக்கறதுக்கு முன்னாடியே வாங்கி மடியில முடிஞ்சிட்டேன்."