முகம் தெரியாமல் எடுத்த படம்

அனைத்து மகளிர் காவல் நிலையம், மதுரை. 21.08.2025 அன்று மாலை 4.15 மணிக்கு சாட்சி ரங்கநாயகி, வயது 43, க/பெ. ஜனகராஜ், பழங்காநத்தம், மதுரை என்பவர் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன். ஒப்பந்த அடிப்படையில் நான்கு பள்ளிகளில் மாணவர் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ஆறேழு பேரை ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவது என் வேலை. மாதம் பன்னிரண்டு அமர்வு காட்ட வேண்டும். எந்தப் பள்ளியிலும் இதற்கென்று அறை கிடையாது.

கடந்த 13.08.2025 புதன்கிழமை செல்லூர் பக்கமுள்ள பெண்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு மாணவிகள் ஆறு பேரை வேதியியல் ஆய்வகத்தில் உட்காரவைத்து, இங்கே பேசுவது இந்த அறையை விட்டு வெளியே போகாது என்று வழக்கம்போலச் சொன்னேன். அதன் பிறகு மனதில் உள்ள பயத்தைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதி, சுவரிலுள்ள சார்ட்டில் ஒட்டச் சொன்னேன். ஒரு சீட்டில், 'ஆவணியில் எனக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். எனக்குப் படிக்க வேண்டும்' என்று எழுதியிருந்தது.

அதன் பிறகு மற்றவர்கள் போனதும் பாண்டிமீனா, வயது 16, என்ற மாணவி மட்டும் நின்று, அந்தச் சீட்டு தன்னுடையது என்றாள். நான் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லியாக வேண்டும் என்றதற்கு, "மிஸ், இன்னைக்கு ஒரு நா மட்டும் பொறுங்க, அப்பாட்ட நானே பேசிப் பாக்குறேன். நீங்க சொல்லிட்டீகன்னா என்னைய வீட்டுக்குள்ளயே வச்சுப் பூட்டிருவாக" என்றாள். ஒரு நாள்தானே என்று நான் சம்மதித்தேன். அது என் முதல் தவறு.

அன்று மாலை ஐந்து மணிக்குள் அமர்வு நடந்ததற்கான புகைப்படத்தைப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டியிருந்தது. மாணவிகளின் முகம் தெரியக்கூடாது என்பது விதி. ஆகவே எப்போதும்போல அவர்கள் முதுகுப்பக்கம் நின்று எடுத்த படத்தைப் போட்டேன். முதுகுப்பக்கம் நின்று எடுத்தால் எதிரேயுள்ள சார்ட் நன்றாகத் தெரியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதே நாளில் இன்னொரு பள்ளியிலும் அமர்வு முடித்திருந்தேன். களைப்பு என்பதைக் காரணமாகச் சொல்லவில்லை. அந்தக் குழுவில் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் இருக்கிறார்கள். பாண்டிமீனாவின் சித்தப்பா விருமாண்டி அதில் ஒருவர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் பாண்டிமீனா பள்ளிக்கு வரவில்லை. அவள் தகப்பனாரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதன் பிறகு நான் 1098-க்குத் தகவல் சொல்லி, குழந்தைகள் நலப் பணியாளர்களுடன் அவள் வீட்டிற்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் என்பவர், "வெள்ளனவே வேன்ல ஏத்திக் கூட்டிட்டுப் போயிட்டாக. புள்ள யூனிபார்மோடதான் போச்சு" என்றார்.

ஆறு நாட்கள் கழித்து நேற்று காலை சோழவந்தான் அருகே ஒரு மண்டபத்தில், தாலி கட்டுவதற்கு முன்பாகக் காவல்துறையினர் அவளை மீட்டார்கள். அடையாளம் காட்ட நானும் போயிருந்தேன். பெயர் போடாத சீட்டு அவளுடையது என்று எப்படித் தெரிந்தது எனச் சார்பு ஆய்வாளர் கேட்டதற்கு, அங்கிருந்த விருமாண்டி, "அவ கையெழுத்து எனக்குத் தெரியாதா? நான் குடுக்குற மனுவெல்லாம் அவ எழுதுனதுதான" என்றார்.  அதைக் கேட்டதும் அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

படத்தை எடுத்ததும் போட்டதும் நான் மட்டுமே. தலைமையாசிரியைக்கு இதில் பங்கில்லை.

இன்று காலை பாண்டிமீனா தங்கவைக்கப்பட்டுள்ள இல்லத்திற்கு, அவளுக்கு ஆலோசனை கொடுக்க என்னையே அனுப்பினார்கள். இன்னும் நான்கு பெண் பிள்ளைகளோடு அவளை வட்டமாக உட்காரவைத்திருந்தார்கள். இங்கே பேசுவது வெளியே போகாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேப்பரை மட்டும் கொடுத்தேன். பாண்டிமீனா அதை வாங்கிக்கொண்டு எழுந்துபோய், எனக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். ஏன் என்று கேட்டேன்.

"நீங்க எந்தப் பக்கம் நின்னு எடுப்பீங்கன்னு தெரியல மிஸ்" என்றாள்.



இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, திருத்த ஒன்றுமில்லை, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ஜ. ரங்கநாயகி

என் முன்பாக,
சார்பு ஆய்வாளர்